அரங்கநாதனின் மின்தடைக் கணக்கு

தலையில் சீயக்காய், முகத்தில் சோப்பு, ஒரு கண் மூடியும் மறு கண் எரிந்தும் நின்ற நிலையில்தான் அரங்கநாதன் அந்த மாபெரும் சபதத்தை எடுத்தார். வீட்டில் மறுபடியும் பீஸ் போய்விட்டது. குளியலறை இருண்டது. குழாயில் வந்த வெந்நீர் வெதுவெதுப்பாகி, பிறகு அதுவும் இல்லையென்றாகி, மார்கழி தன் வேலையைக் காட்டியது.

"வேணி! பொட்டி போட்டியா?"

"ஆமாங்க. நீங்க ஹீட்டர் போட்டீங்களா?"

தினமும் இதே பாட்டுத்தான். பெரம்பலூரில் வீடு, அரியலூர் சிமென்ட் ஏஜென்சியில் வேலை. காலை பஸ்ஸை விட்டால் முதலாளி முகத்தில் முழிக்க முடியாது. அதற்கு முன் அவருக்கு வெந்நீர்க் குளியல் வேண்டும். உலகத்தில் அவருக்கென்று இருந்த ஒரே சுகம் அது. வேணிக்கோ, தை முகூர்த்தத்துக்காக ஊராருக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாக்கெட்டுகளை அதே நேரத்தில் தேய்த்து மடித்தாக வேண்டும். ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து இழுத்தால் பீஸ் தாங்காது. இரண்டில் ஒன்று காலையில் ஓய வேண்டும். எது என்பதுதான் வழக்கு. அளந்து பார்த்து, அதிகக் கரண்ட் இழுப்பதை ஓய வைப்பது என்பதுதான் சபதம்.

"விஞ்ஞானம் தீர்ப்புச் சொல்லும்" என்று அறிவித்துவிட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டும் திருமுருகனிடம் மீட்டர் இரவல் கேட்கப் போனார். திருமுருகன் வேணிக்குப் பெரியப்பா மகன் என்பதை அவர் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

"மாப்ள, இந்தக் கிடுக்கியால ஒரு வயரை மட்டும் கவ்வ விடுங்க, கரண்ட் எவ்ளோன்னு காட்டும். ரெண்டு வயரையும் சேத்துக் கவ்வுனா போற கரண்டும் வர்ற கரண்டும் கழிஞ்சு பூஜ்யந்தான் காட்டும். ஏமாந்துடாதீங்க."

அரங்கநாதன் ஏமாறவில்லை. ஏமாற்றலாமே என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விசாரணை தொடங்கியது.

"இதப் பாரு வேணி. மின்னழுத்தம் இருநூத்தி இருவது வோல்ட். இது வூட்டுக்கே பொது."

"அழுத்தம் யாருக்குன்னு ஊருக்கே தெரியுங்க. மேல சொல்லுங்க."

"அடுத்தது மின்னோட்டம்."

"அது நீங்க. எங்க அம்மா வந்தா கொல்லப்பக்கமா ஓடுவீங்களே."

அரங்கநாதன் இதைக் காதில் வாங்கவில்லை. "அழுத்தத்தை ஓட்டத்தால பெருக்குனா திறன். வகுத்தா மின்தடை."

"மின்தடையா? பராமரிப்புப் பணி காரணமாகன்னு பேப்பர்ல போடுவாங்களே, அதுவா?"

"அது வேற மின்தடை! இது பாடப்புத்தக மின்தடை!"

"ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா நான் என்னத்தக் கண்டேன்?"

சுவிட்ச் போர்டைத் திறந்து, இஸ்திரிப் பெட்டிக்குப் போகும் ஒரு வயரை மட்டும் பிரித்துக் கவ்வ விட்டார். ஐந்து ஆம்பியர் காட்டியது. "ஆயிரத்து நூறு வாட்! தடை வெறும் நாப்பத்தி நாலு ஓம்! தடையே இல்லாம குடிக்குது, பாத்தியா உன் பொட்டிய?"

பிறகு ஹீட்டரிடம் வந்தார். உள்ளே எல்லா வயரும் ஒன்றாக இருந்த அதன் கனத்த வயரை அப்படியே, அலுங்காமல் நலுங்காமல் கவ்வ விட்டார். பூஜ்யம்.

வேணி மீட்டரைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள். புருஷனையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒண்ணுமே இழுக்கலீங்களே?"

"பரம சாது!" அரங்கநாதன் பூரித்துப்போனார். "திறன் பூஜ்யம். இருநூத்தி இருவதைப் பூஜ்யத்தால வகுத்தா... இந்தா, செல்போன் கால்குலேட்டரே கைய விரிச்சிடுச்சு. இந்த ஹீட்டரோட மின்தடைக்கு முடிவே கிடையாது, வேணி!"

"முடிவே கிடையாதா?"

"கிடையவே கிடையாது!"

"சரிங்க. கணக்குன்னா கணக்குதான். நாளையிலேருந்து அதுப்படியே செஞ்சிடலாம்."

இவ்வளவு சுலபமாக வேணி எதற்கும் தலையாட்டியதே இல்லை. மனுஷன் அப்போதாவது பயந்திருக்க வேண்டாமா? இல்லை, இரண்டாம் முறை காபி கேட்டுக் குடித்தார்.

திங்கட்கிழமை காலை, பாட்டுப் பாடிக்கொண்டே சோப்புப் போட்டுக் குழாயைத் திறந்தார். பாட்டு பாதியில் அலறலானது. பச்சைமலைப் பனியை உருக்கி ஊற்றியதுபோல இருந்தது தண்ணீர். விளக்கோ பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வெளியே ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டி 'சொய்ங்' என்றது.

"வேணி! தண்ணி சில்லுன்னு வருது!"

"ஹீட்டர் பீஸ் கட்டையப் புடுங்கிட்டேங்க."

"ஏண்டி?"

"கரண்டே இழுக்காத சாமானுக்கு அது எதுக்கு?"

"இழுக்காம எப்படி? பத்து ஆம்பியர் இழுக்கும்!" குளிரில் வாய் முந்திக்கொண்டது.

"அப்படிங்களா? நேத்து பூஜ்யமுன்னீங்க?"

உள்ளே பற்கள் கிடுகிடுத்தன.

"ரெண்டு வயரையும் சேத்துக் கவ்வுனா பூஜ்யந்தான் காட்டுமாமே. திருமுருகண்ணன் போன்ல சொல்லுச்சு. பத்துன்னா என் பொட்டியப் போல ரெண்டு மடங்குல்லங்க?"

அரங்கநாதன் கதவிடுக்கில் சோப்பு வழியும் முகத்தை நீட்டினார். "தப்புதான், தாயே. பஸ்ஸுக்கு நேரமாச்சு. இந்த மின்தடை எப்பதான் முடியும்?"

வேணி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள்:

"அதுக்கு முடிவே கிடையாதுன்னு நீங்கதானேங்க கணக்குப் போட்டுச் சொன்னீங்க?"