வரலாறு எழுதுபவரை எப்படி அழைப்பது?

உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்த நாடும் துணியாத காரியத்தை எங்கள் குடிநீர் அலுவலகம் துணிந்து செய்தது. அலுவலகத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுதப்போகும் மனிதரை எந்தச் சொல்லால் அழைப்பது என்று பதினொரு கூட்டம் போட்டது. எழுதுவது என்ன பெரிய காரியம்? யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பெயர் சூட்டத்தான் மூளை வேண்டும்.

அந்த மூளைகளுக்கு நடுவே அமர்ந்து கூட்டக் குறிப்பு எழுதும் பேறு எனக்கு வாய்த்தது.

“வரலாற்றாசிரியர்னு வைங்களேன்,” என்றார் கணக்கர்.

“டியூஷன் எடுப்பீங்களான்னு கேப்பாங்க,” என்றார் மேலாளர்.

“பதிவாளர்?”

“மாலையும் கழுத்துமா ஜோடி ஜோடியா வந்து நிப்பாங்க.”

“காலக்கணிதர்?”

“ஜாதகத்தைத் தூக்கிட்டு வந்துருவாங்கய்யா!”

அப்போது பம்பு அறை அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீரின் நிறத்தையும் வால்வு திறந்த நேரத்தையும் நோட்டில் எழுதியவர். போன மாதம் குழாயில் சேறு வந்து எழுபது பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். வால்வைத் திறந்த ‘குற்றத்துக்காக’ அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

“சார், இந்த ஒரு பக்கத்தை மட்டும் புஸ்தகத்துல போட்டுருங்க. தண்ணி கலங்கிக் கெடக்கு, திறக்க மாட்டேன்னு மூணு தடவை போன்ல சொன்னேன். ‘பெரியவங்க பார்வையிட வர்றாங்க, திற’ன்னு நீங்க சொன்னது நேரத்தோட இருக்கு.”

மேலாளர் இருமினார். “இங்க பாருங்கம்மா, இது வெறும் குறிப்பு. வரலாறு எழுத ஒரு தகுதி வேணும்.”

“என்ன தகுதி?”

“அதுக்குப் பேர் வைக்கத்தானே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கோம்!”

“பேர் வச்சா தண்ணி தெளிஞ்சிருமா சார்?”

கணக்கர் எழுந்து மேலாளரை நோக்கிக் கைகூப்பினார். “வரலாற்று மாமேதை! நீங்களே எழுதிருங்க சார்.” கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேலாளர் நாணத்துடன் சம்மதித்தார். அக்காவின் நோட்டை வாங்கி, ‘பாதுகாப்பு’ கருதி, தம் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்களாவது நான் சொன்னதை எழுதினீங்களா?”

தலையாட்டினேன். அன்றைக்கே தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டேன்: “கூட்டத்துக்கு வெளியார் எவரும் வரவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.”

இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.