பாப்பா வருவதற்குள்

வயிற்றில் ஒரு தலையணையை வைத்து, அதன் மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சபாபதி புதுக் கமோடின் மேல் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் முருங்கைக்கீரையோடு உள்ளே வந்தாள். கழிவறைக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. அவள் கீரையை அங்கேயே கீழே வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பிப் போய்விட்டாள். வாயை மூடிக்கொண்டு போனவள் தெருவில் திறந்துவிட்டாள் போலிருக்கிறது. சாயங்காலம் பால்காரன்கூட அவர் வயிற்றைப் பார்த்தான்.

சபாபதி அதற்கெல்லாம் அசரவில்லை. முப்பத்தைந்து வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவர், அளக்காமல் எதையும் நம்பமாட்டார். வயிற்றுப் பிள்ளையோடு வருகிற மகள் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழ எத்தனை அங்குல உயரம் வேண்டும் என்பதை யாரிடம் கேட்பது? கேட்டால் சொல்லியிருக்கக்கூடிய மனைவி தில்லையம்மாள் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் போனதிலிருந்து சிதம்பரத்தில் அந்த வீடு செத்துத்தான் கிடந்தது. சபாபதி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பசித்தால் ஒரு பன்னு, ஒரு டீ. பல நாள் அதுவும் இல்லை. வாசல் கதவையே திறக்கமாட்டார். யாராவது மணி அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவார்.

மாசியில் மகள் இலக்கியா செம்மண்டலத்து வீட்டிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு அப்போது நாலாம் மாதம்.

“குந்தி ஒக்காந்தா எழுந்திரிக்க முடியலப்பா. நம்ம வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் கெடையாது. ஏழாம் மாசம் வளையல் போட்டதும் நான் எப்பிடி அங்க வர்றது? மாமியாரு பண்ருட்டிக்கே வந்துடச் சொல்றாங்க.”

சபாபதிக்குச் சுரீரென்றது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தாய் இல்லாவிட்டால் தாய்வீடும் இல்லையா? இப்போது வராதவள் பிறகு எப்போது வரப்போகிறாள்? சிரிப்போ அழுகையோ எந்தச் சத்தமும் இல்லாமல் இந்த வீட்டில் தான் ஒருவனாகவே கிடந்து போய்விடுவோம் என்று அவருக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. மூன்று மாதம் இருக்கிறது, கட்டிவிடுகிறேன் என்றார்.

கொத்தனாரையும் இலக்கியாவே அனுப்பினாள். கீரப்பாளையம் சடையப்பன், அவள் வீட்டுக்கு டைல்ஸ் போட்டவனாம். நாள் கூலி வேண்டாம், மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம் என்றான். ஒரே ஒரு நிபந்தனை. அவனுக்கு வயிற்றில் புண், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது.

“சூடா ரசஞ்சோறு போதும் சார். ஆனா நீங்களும் கூட ஒக்காரணும். தனியா சாப்புட்டா எனக்கு எறங்காது.”

கொத்தனாருக்கு என்ன மாப்பிள்ளை உபசாரமா என்று சபாபதிக்கு எரிச்சல். ஆனாலும் மகள் அனுப்பிய ஆள். அடுப்பங்கரைக்குள் போய் புளி எது, பெருங்காயம் எது என்று டப்பா டப்பாவாக மோந்து பார்த்தார். முதல் நாள் சோறு களியாகிவிட்டது. சடையப்பன் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டான். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே அவரும் சாப்பிட்டு முடித்தார். காலையிலும் வெறும் வயிற்றில் கொத்துக் கரண்டி பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக அவன் மறுநாள் சொன்னான். அதிலிருந்து இட்லியும் சேர்ந்துகொண்டது.

சாப்பாடு முன்னேறிய அளவுக்கு வேலை முன்னேறவில்லை. சபாபதியின் தலையணை அளவுப்படி கமோடை உயரத்தில் வைத்தார்கள். உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. மறுபடி உடைத்தார்கள். உடைத்ததில் தண்ணீர்க் குழாய் பிளந்து கூடம் வரைக்கும் குளம். குழாயை அடைத்ததில் வீட்டுக்கே தண்ணீர் இல்லை. அவர் பட்டம்மாள் வீட்டுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் இரண்டு நடை போக வேண்டியதாயிற்று. குடத்தைக் கொடுத்தோமா வாங்கினோமா என்று வர முடிகிறதா? அவள் நாலு கேள்வி கேட்பாள், இவர் நாலு பதில் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் மாதம் இலக்கியாவுக்கு இடுப்பு வலி. கட்டில் தாழ்வாக இருந்தால் எழ முடியவில்லை என்றாள். சபாபதி சடையப்பன் அடுக்கி வைத்திருந்த செங்கல்லை எடுத்து, கட்டில் கால் நான்குக்கும் முட்டுக் கொடுத்தார். கட்டில் உயர்ந்தது, ஏறி உட்கார்ந்தவர் தலை மின்விசிறியில் இடிக்கப் பார்த்தது. செங்கல் இல்லை என்று சடையப்பன் மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுக்கு மட்டும் கை அவிழ்ந்தது.

அப்புறம் கெண்டைக்காலில் பிடிப்பு. காலையில் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம். சிதம்பரத்தில் எங்கே நடப்பது, எந்தத் தெருவில் நாய், எங்கே குழி என்று நடந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். இது அவருடைய தொழில். நாலு வீதியும் சுற்றி வரைபடமே போட்டுவிட்டார். பதினேழு நாய், ஒன்பது குழி. அனுப்பியதும் மகள் போன் செய்தாள். குழி அங்கேயே இருக்கும், நாய் இடம் மாறுமே, ஒரு நாள் பார்த்தால் எப்படி? தினமும் போய்ப் பாருங்கள் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. வைகாசிக்குள் நாய்களுக்கு அவரைத் தெரிந்துவிட்டது, மூன்று நாய் வீடு வரைக்கும் கூடவே வந்தன.

ஆறாம் மாதமும் முடிந்து, வளைகாப்புக்கு நாலு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை வளையல் போட்டு மகளைக் கூட்டிவர வேண்டும். நடந்துவிட்டுத் திரும்பிய சபாபதி கழிவறையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒட்டியிருந்த தரை டைல்ஸ் முழுவதையும் சடையப்பன் பெயர்த்துப் போட்டிருந்தான். வழவழப்பாக இருக்கிறது, வாயும் வயிறுமாக வருகிற பொண்ணு, வழுக்கிவிட்டால் என்ன செய்வது என்றான்.

சபாபதிக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. படியில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தார். மஞ்சக்குப்பத்தில் ஆபீசில் இருந்தாள்.

“நீ பண்ருட்டிக்கே போயிடும்மா. என்னால முடியல. ஒங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் எல்லாம் தயாரா இருந்திருக்கும். நான் ஒரு உருப்படாதவன்.”

“சாப்ட்டீங்களாப்பா?” என்றாள்.

வீடே போச்சு என்கிறேன், இவள் சாப்பாட்டைக் கேட்கிறாள். சபாபதி போனை வைத்துவிட்டார். அந்தக் கோபத்தை எல்லாம் சேர்த்துச் சடையப்பனிடம் போனார். மொத்தமாகப் பேசிய வேலையை இழுத்தடித்தால் நஷ்டம் உனக்குத்தான் என்பதுகூட உறைக்காத ஆளா நீ, மூணு மாசம் உட்கார்ந்து தின்றாயே, மூட்டையைக் கட்டு என்றார்.

சடையப்பன் கை காலைக் கழுவிக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். போகச் சொன்னாலும் சாப்பாட்டு வேளை. சபாபதி உள்ளே போய்ச் சோற்றையும் ரசத்தையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் கொண்டுவந்து இரண்டு தட்டில் போட்டார். கோபத்திலும் தன் தட்டில் ஒரு கரண்டி கூடவே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. சடையப்பன் கவனித்தான்.

“வெள்ளிக்கெழமக்குள்ள முடிச்சிடறேன் சார்” என்றான்.

“மூணு மாசத்துல முடியாதது நாலு நாள்ல எப்பிடிய்யா முடியும்?”

சடையப்பன் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“இது பத்து நாள் வேலதான் சார். இலக்கியா பாப்பாதான் சொல்லிச்சி, ‘டாக்டரு, ஆஸ்பத்திரி எல்லாம் ரெடிண்ணே, தாத்தாதான் இன்னும் ரெடியாவல, அவரு ஒழுங்கா சாப்புட்டு எழுந்து நடமாடற வரைக்கும் வேலைய முடிச்சிடாதீங்க’ன்னு.”