ஊசி போட்ட முட்டையும் மாமியின் நல்லெண்ணெய்ப் போத்தலும்

தன்னாமுனை,
வெள்ளிக்கிழமை.

அன்பும் அறிவும் நிறைந்த மருமகன் நிதுர்ஷனுக்கு,

மாமா இளையதம்பி எழுதிக்கொள்வது. அம்மன் அருளால் நீர் பல்கலைக்கழக விடுதியில் சுகமாய் இருப்பீர். இங்கே சுகம் என்று எழுத என் கை வரவில்லை. நீர் போனை எடுக்காதபடியால், காலமெல்லாம் தபாற்கந்தோரில் ஊராரின் கடிதங்களுக்கு முத்திரை குத்திய நான் இன்று என் கடிதத்துக்கே முத்திரை ஒட்டுகிறேன்.

மாசி மாதம் உமது ஆராய்ச்சிக்கென்று என் அடைக்கோழியின் முட்டைகளைக் கேட்டு வந்தீர். ஒவ்வொன்றிலும் துளை போட்டு, ஏதோ இலைச்சாற்றை ஊசியால் ஏற்றி, மெழுகுதிரியை உருக்கி அடைத்தீர். முருங்கையா தூதுவளையா என்று கேட்டதற்கு, ஆய்வு முடியும்வரை சொல்லக்கூடாது என்றீர். "மாமா, இதில பொரிக்கிற பேடுகள் சுறுக்கா முட்டையிடும். சுலோஜனா மச்சாளுக்குப் பிள்ளை கிடைக்கிற நேரம் கூடை நிறைய முட்டை இருக்கும்" என்றீர். அதை நம்பித்தான் தலையாட்டினேன். பிள்ளை பெற்றவளுக்கு ஊர்க்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்காவிட்டால் இடுப்பு நிற்காது என்பது உமது மாமி சின்னத்தங்கத்தின் வேதம். நல்லெண்ணெய்ப் போத்தல் சித்திரையிலேயே வாங்கியாயிற்று.

குஞ்சுகள் பழுதில்லாமல் பொரித்தன. பிறகு கொண்டை சிவந்தது, வால் வளைந்தது, ஒன்று வேலியில் ஏறிக் கூவியது. ஆவணி பிறக்கும்போது வளவில் நின்றது அத்தனையும் சேவல். தாய்க்கோழியையும் இடையில் கீரி கொண்டுபோய்விட்டது. வாவியில் வலை போட்டுவிட்டுப் பகலில் உறங்குகிற பக்கத்து வீட்டுக் கனகசிங்கம், "அண்ணன், இதுகள்ர வாயை மூடுற ஊசி மருமகனிட்ட இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடையில் முட்டை வாங்கலாமே என்று ஒருமுறை வாய் திறந்தேன். "கடைக்காரன் வெள்ளை முட்டையத் தேயிலைச் சாயத்தில தோய்ச்சு ஊர்க்கோழி முட்டையெண்டு விக்கிறான். மறுகா பிள்ளைக்கு இடுப்புப் பிடிச்சா உங்கட மருமகனா வந்து ஊசி போடுவான்?" என்றாள் மாமி. அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சோறு வரும், சொல் வராது. மகள் சுலோஜனா நிறைமாத வயிற்றோடு எங்கள் நடுவில் தூது போகிறாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது.

இன்று காலை முடிவெடுத்தேன். பிரசவம் நல்லபடி நடக்கவேண்டி, ஒருநாளும் கூவாத சாதுவான சேவல் ஒன்றுக்கு மஞ்சள் துணி கட்டி அம்மன் கோயிலில் நேர்ந்து விட்டேன். மிச்சத்தை ஏறாவூர்க் கோழிக்கடை முனாஸ் கூட்டோடு ஏற்றிக்கொண்டு போனார். பீடை ஒழிந்தது. நீர் பட்டம் பெறும், பேராசிரியராகவும் ஆகும். ஆனால் இந்த வளவுப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

உமக்கு நீண்ட ஆயுளையும், முடிந்தால் நல்ல புத்தியையும் அம்மன் தரட்டும். உமது தாயாருக்கு என் அன்பு, அவளில் கோபமில்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமா,
இளையதம்பி.

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் அம்மனுக்குப் பூசை செய்யும் கப்புகனார் வந்தார், வீணாகச் சிரிக்காத மனிதர். "இளையதம்பியர், உங்கட சேவல் கோயில் வாசல்ல முட்டையிட்டிருக்கு" என்றார். நேர்ந்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. முட்டையும் அம்மனுடையதுதான். முனாஸ் கொண்டுபோனதிலும் கூவாதவை, அதாவது சேவல் வேசத்தில் நின்ற பேடுகள், இன்னும் சில இருந்தன என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவரும் போனை எடுக்கிறாரில்லை. கனகசிங்கம் இந்தக் கடிதத்தை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து உமது கையில் தருவார். அப்படியே அவர் பின்னால் ஏறி முனாஸின் கடைக்குப் போம், கூவாத சேவல் எதையும் அறுக்க விடாதேயும். அள்ளிக்கொண்டு நேரே இங்கே வாரும். மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். சுலோஜனாவுக்கு நோவு தொடங்கிவிட்டது, மாமி நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்துவிட்டாள்.