அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

ஓமாச்சி,
ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய மைத்துனர் ஹமாத்தானி செய்ஜி அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் மொமோசே குனிஹிகோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

இங்கே வாசலில் குவிந்திருந்த பனி முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. உமே என்னும் பிளம் மரம் முந்தாநாள்தான் முதல் பூ விட்டது. அங்கே ஹிமியில் கடல் அடங்கியிருக்கும் என்றும், தங்கள் துணைவியாரின் இடுப்புவலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய கணவாய்க் கருவாடு பத்திரமாக வந்து சேர்ந்தது. நாங்கள் நலம். 'நாங்கள்' என்று எழுதியது பழக்கத்தினால். நான் நலம். சிஸுருவும் நலமாகத்தான் இருக்கிறாள், ஆனால் என்னோடு பேசிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். மே மாத விடுமுறையில் நானும் தோகுடாவும் சுயிஷோ சிகரம் ஏறுவதென்று முடிவு செய்திருக்கிறோம். தோகுடாவைத் தாங்கள் எங்கள் மகள் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள். மேடையில் பாட ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் பாடியவன். நான் பேருந்து நிறுவனத்தில் முப்பத்தெட்டு வருடம் கால அட்டவணை போட்டேன், அவன் அதே நிறுவனத்தில் அந்த அட்டவணையை முப்பத்தெட்டு வருடம் மீறி ஓட்டினான். கோடையில் அந்த மலைக்கு யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று போகலாம். மே மாதத்தில் புதரெல்லாம் பனிக்கு அடியில் இருக்கும், பனி காலையில் இறுகிக் கிடக்கும், மனிதக் குரல் ஒன்றுகூடக் காதில் விழாது. ஒன்றாம் தேதி கிளம்பி, எபோஷி, நோகுச்சிகோரோ சிகரங்கள் வழியாக மலை முதுகு முதுகாக நடந்து, சுயிஷோவைத் தொட்டு, ஐந்தாம் தேதி திரும்புவது என்று திட்டம். இதற்கு முன் மூன்று தடவை போய் மூன்று தடவையும் பாதியில் திரும்பியிருக்கிறோம். எனக்கு அறுபத்து மூன்று ஆகிவிட்டது. இனிமேல் எத்தனை மே மாதம் இருக்கிறது என்று தாங்களே சொல்லுங்கள்.

ஏற்பாடுகள் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டன. முதல் கூட்டம் தோகுடா வீட்டுக் கணப்பு மேசையில் நடந்தது. வரைபடத்தை விரித்த மூன்றாவது நிமிடம் அவன் தேநீரைக் கொட்டினான், சரியாகச் சுயிஷோவின் மேல். காய வைக்கிறேன் என்று அடுப்புப் பக்கம் கொண்டுபோனதில் சிகரம் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. "பாத்தியா, அது நம்மகிட்டேருந்து தப்பிச்சுப் போகுது" என்று சொல்லிவிட்டு இன்னொரு தேநீர் ஊற்றிக்கொண்டான். பிப்ரவரியில் சுமை தூக்கிப் பழக வேண்டுமே என்று முதுகுப்பையில் பதினெட்டு கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் கோயில் படிக்கட்டு ஏறி இறங்கினேன். எதிர்வீட்டு மியாஸாவா அம்மாள் நான்கு நாள் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் ஒரு பாத்திரம் ஊறுகாயோடு சிஸுருவிடம் வந்து, "மனசத் தேத்திக்கோம்மா, பென்ஷன் வாங்கற வயசுல ஆம்பளைங்க வீட்டவிட்டுப் போறது இப்பல்லாம் சகஜம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களைச் சரிபார்க்கக் கூடத்தில் உட்கார்ந்து மாட்டினேன், அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி மணி அடித்தது, எழுந்து நான்கு எட்டு நடந்துவிட்டேன். கோரைப்பாய்த் தரையில் மொத்தம் நாற்பத்தெட்டு ஓட்டை. எண்ணியது நான் இல்லை.

மார்ச்சில், மலையில் வழுக்கினால் பனிக்கோடரியை ஊன்றி நிற்கும் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. மலைவரைக்கும் போக பெட்ரோல் எதற்கு என்று தோகுடா ஒரு யோசனை சொன்னான்: ஊர்க்கோடியில் இருக்கும் பெரிய கடையின் வாகன நிறுத்தத்தில், இயந்திரம் தள்ளிக் குவித்த பனி இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் தலைக்கவசம், கயிறு எல்லாம் கட்டிக்கொண்டு அதன் உச்சிக்குப் போனோம். முதலில் நான் சறுக்கி, கோடரியைக் குத்தி, பாதியில் நின்றேன். கீழே நின்று பார்த்த ஒரு குடும்பம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் தோகுடாவுக்கு என்ன ஆனதோ, கோடரியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டே சறுக்கினான். கடைசிவரை அதைக் கீழே இறக்கவில்லை. தள்ளுவண்டிகள் அடுக்கியிருந்த கொட்டகைக்குள் நேராகப் போய் முப்பது வண்டிகளோடு நின்றான். காவலாளி ஓடி வந்தார்.

"ஐயா, என்ன பண்றீங்க இங்க?"

"சுயிஷோ போறோம்" என்றான் தோகுடா, வண்டிகளுக்குள்ளிருந்து.

"அந்தப் பேர்ல இங்க கடை எதுவும் இல்லையேங்க" என்றார் அவர். அவருக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும், மரியாதையான மனிதர். அவன் எழுந்து நின்றதும் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

இத்தனையும் சிஸுரு பொறுத்துக்கொண்டாள், மச்சான். ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெந்நீர் ஊற்றும் காய்ந்த சோற்றையே தின்று, அடுப்பு எரிவாயு எத்தனை கிராம் செலவாகிறது என்று குறித்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து விலாங்கு மீன் வறுத்துச் சாப்பிட்டாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. வினை வந்தது திட்டத்தாளினால்.

தாங்கள் கடல்காரர், தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பனிமலைக்குப் போகிறவர்கள் திட்டத்தை எழுதி ரயில் நிலையத்தில் இருக்கும் மலை ஆலோசகரிடம் கொடுக்க வேண்டும். நான் பதினோரு பக்கம் எழுதினேன், நிமிடக் கணக்கோடு. அங்கே இருந்த ஆலோசகர் முதல் பக்கத்தை ரொம்ப நேரம் படித்தார்.

"எபோஷி உச்சி, எட்டு மணி பதினேழு நிமிஷம்னு போட்டிருக்கீங்க. இது மலைக்குத் தெரியுமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று இருக்கும். அதில் தோகுடா பெயரை எழுதியிருந்தேன்.

"இவரு உங்ககூடத்தானே வர்றாரு?"

"ஆமாங்க."

"ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தா யாரு யாருக்குப் போன் பண்ணுவீங்க?"

வீட்டுக்கு வந்து, சிஸுரு துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தாளை நீட்டி, இதில் ஒரு கையெழுத்துப் போடு என்றேன். மின்சார ரசீதுக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். போன தடவைகளில் அவளைக் கேட்காமலே அவள் பெயரை நான் எழுதிவிடுவது வழக்கம். இந்தத் தடவை, பெயருக்கு உரியவரின் சம்மதம் வேண்டும் என்று தாளில் இருந்ததால்தான் தோகுடா பெயரைப் போட்டிருந்தேன். அவள் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

"பேருதானே கேக்குறேன்?"

"பேரு எழுதறது உங்களுக்கு ஒரு நிமிஷம். போன் பக்கத்துல உக்காந்திருக்கறது நான்."

மூன்று வருடத்துக்கு முன் நானும் தோகுடாவும் மலையிலிருந்து இரண்டு நாள் தாமதமாக வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். முகட்டுக்கு அடியில் புயலில் மாட்டி, கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் கதையை இந்த ஊரில் நான் சொல்லாத ஆள் கிடையாது. சிஸுருவும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், விருந்தாளிகளுக்கு மீன் வைத்துக்கொண்டே. அவள் பக்கத்துக் கதையை அன்றுதான் முதல் தடவை சொன்னாள்.

"முத நாள் வரல. சரி, ஒரு நாள் கூடுதலா எடுத்துக்கலாம்னு நீங்களே எழுதியிருந்தீங்க, நம்பினேன். ரெண்டாம் நாள் போலீசுக்குப் போன் பண்ணேன். காத்து ஓயாம ஹெலிகாப்டர் கிளப்ப முடியாதுன்னாங்க. அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியல. உங்க படத்த எடுத்தேன், ரிட்டயர் ஆன அன்னிக்கு எடுத்தது. அதுலதான் டை நேரா இருக்கு. கண்ணாடியத் தொடச்சு வெச்சுட்டு, சாவுச் சடங்குக்கு எந்த அளவுல பெருசாக்கணும்னு ஸ்டூடியோவுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு இருந்தேன். அப்பதான் கதவு தொறந்துச்சு. நீங்க உள்ள வந்து, நூடுல்ஸ் இருக்கான்னு கேட்டீங்க."

நூடுல்ஸ் இருந்தது, மச்சான். செய்து கொடுத்தாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. சாப்பாடு வருகிறது, வெந்நீர் இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை. போகாமல் இருந்துவிடலாம் என்றும் நினைக்கிறேன், போயே ஆக வேண்டும் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் நாலைந்து தடவை நினைக்கிறேன். ஆலோசகர் பதினைந்தாம் தேதிக்குள் பெயர் வேண்டும் என்கிறார். ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து, அந்தக் கட்டத்தில் தங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத அனுமதி தர வேண்டும். தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஐந்தாம் தேதி மாலைவரை என்னிடமிருந்து அழைப்பு வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அப்புறம் சிஸுருவிடமும் சொல்ல வேண்டும். இதை எழுதும்போதுதான் தெரிகிறது, ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடிய வேலையில்லை இது.

தங்கள் வலையில் மீனும் வீட்டில் சிரிப்பும் குறையாதிருக்க வேண்டுகிறேன். துணைவியாருக்கு என் வணக்கம்.

பணிவுடன்,
மொமோசே குனிஹிகோ

பின்குறிப்பு, ஏப்ரல் 8: நேற்று கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போனேன். திரும்பி வந்தால் சிஸுரு அதைப் படித்து முடித்து உட்கார்ந்திருந்தாள். "அண்ணனுக்கு ஏன் எழுதறீங்க? அவனுக்கு மலையப் பத்தி என்ன தெரியும்? நீங்க காணாமப் போனா படக எடுத்துக்கிட்டுக் கெளம்புவான்" என்றாள். பதின்மூன்று நாளில் அவள் சொன்ன முதல் வார்த்தை தங்களைப் பற்றியது, மன்னிக்கவும். பிறகு பேனாவை எடுத்துத் திட்டத்தாளில் சுயிஷோவை அடித்தாள், நோகுச்சிகோரோவை அடித்தாள், எபோஷியை மட்டும் விட்டாள். ஐந்தாம் தேதியை அடித்து, மூன்றாம் தேதி பிற்பகல் மூன்று மணி என்று எழுதினாள்.

"எனக்கு அறுபத்து மூணு ஆச்சு, சிஸுரு" என்றேன்.

"எனக்கு அறுபத்தொண்ணு. மூணு நாளுக்கு மேல என்னால உக்காந்திருக்க முடியாது" என்றாள்.

பிறகு கட்டத்தில் அவளே தன் பெயரை எழுதினாள். பதினோரு பக்கம் இரண்டாகிவிட்டது. தோகுடாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவன் பெரிதாக ஒரு மூச்சு விட்டான். அவன் மனைவியும் இதுவரை கையெழுத்துப் போடவில்லையாம், என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்தானாம். ஆகவே மேலே கேட்டதையெல்லாம் கேட்காததாக வைத்துக்கொள்ளவும். தபால்தலை வாங்கிவிட்டதால் அனுப்புகிறேன்.

இன்று காலை தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயருக்குப் பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு சின்னக் கட்டம் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஆலோசகர்தான் படித்துக் காட்டினார். 'மனைவி (இப்போதைக்கு)' என்று எழுதியிருக்கிறாள். அவர் முத்திரை குத்திவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார்.

"மூணு மணின்னு போட்டிருக்காங்க" என்றார். "நீங்க ரெண்டரைக்கே வந்துடுங்க."