நல்ல சீட்டு வரட்டும்

உலகத்தில் எத்தனையோ ரக மனிதர்கள் உண்டு. இன்று நான் அறிமுகம் செய்யப்போவது ‘பார்ப்போம்’ ஆசாமியை. இவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் புறப்படத் தயாராக நிற்கும்போது, “இதுல கூட்டம், அடுத்தது காலியா வரும், பார்ப்போம்” என்று அதை விட்டுவிட்டு, அடுத்ததில் ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்று அதையும் விட்டுவிட்டு, அதற்கடுத்ததில் டிரைவர் முகம் சரியில்லை என்று அதையும் வழியனுப்பிவிட்டு, கடைசியில் ஏதோ ஒரு பஸ்ஸின் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கியபடி காவிரிப் பாலத்தைக் கடப்பவர் எவரோ, அவர்தான்.

ஆனால் இவரை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் சீட்டாட்டப் போட்டியின் கடைசிக் கட்டத்தில் பார்க்க வேண்டும்.

எங்கள் அம்மா மண்டபம் ரோடு அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கலுக்குப் பொங்கல் ரம்மி போட்டி நடக்கும். காசு கிடையாது, பரிசு மட்டும். கணக்கு எளிது. தோற்கத் தோற்கப் புள்ளி ஏறும். இருநூற்றொன்றைத் தொட்டால் ஆள் வெளியே. வந்த சீட்டு பிடிக்கவில்லையென்றால் ஆடாமலேயே கவிழ்த்து வைத்து ‘ஸ்கூட்’ சொல்லலாம். அதற்கு இருபத்தைந்து புள்ளி. ஆடித் தோற்றால் எண்பதுவரை போகும். ஸ்கூட் விடக்கூட இடமில்லாமல் புள்ளி ஏறிவிட்டால் அதற்குக் கம்பல்சரி என்று பெயர். அப்புறம் எந்தக் குப்பை வந்தாலும் ஆடியே தீர வேண்டும்.

கைலாசபுரத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ரெங்கராஜ் சார், நம் ரகத்தில் முதல் தரம். மற்றவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு வெளியேறும்வரை ஸ்கூட் விட்டே இறுதி ஆட்டத்துக்கு வந்துவிடுவார். அங்கே தோற்பார். இரண்டாம் பரிசு என்றைக்கும் ஃப்ளாஸ்க். அவர் வீட்டில் துவரம் பருப்பு ஃப்ளாஸ்கில் இருக்கிறது, கடுகு ஃப்ளாஸ்கில் இருக்கிறது, கொடி கிளிப்புகளும் ஃப்ளாஸ்கில்தான் இருக்கின்றன.

இந்த வருஷம் முதல் பரிசு ஒரு டேபிள் டாப் கிரைண்டர். ரெங்கராஜ் வீட்டு கிரைண்டர் தீபாவளிக்கு முன்பே உயிரை விட்டிருந்தது. புதுசு வாங்கலாம் என்ற மனைவி மலர்க்கொடியிடம், “பொங்கல் பரிசே கிரைண்டர்தானாம். அவசரப்படாதே, பார்ப்போம்” என்று சொல்லி, அன்றிலிருந்து பாக்கெட் மாவில் அந்தக் குடும்பம் காலம் தள்ளியது. போட்டியன்று அந்த அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“கிரைண்டரோட வாங்க. இன்னொரு ஃப்ளாஸ்க் வந்துச்சுன்னா, இந்த வீட்டுல இட்லிங்கிற பேச்சே கிடையாது.”

இட்லி இல்லாத வாழ்க்கையை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? அவராலும் முடியவில்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரே கேத்தரின் டீச்சர். கணக்கு டீச்சராக இருந்தவர். சீட்டை விடைத்தாள் மாதிரி சட்டென்று பார்ப்பார், சட்டென்று போடுவார். நம்மவரோ கண்ணை மூடிக்கொண்டு தன் சீட்டுகளை எடுத்து, அவற்றின்மேல் ஊதி, ஒவ்வொரு சீட்டாக ஓரத்தை மட்டும் நகர்த்தி, சுற்றி நின்ற எங்களுக்கெல்லாம் மூச்சு முட்டிய பிறகுதான் முழுசாகத் திறப்பார். ஆர்ட்டினில் வரிசையாக நாலு சீட்டு, கூடவே ஒரு ஜோக்கர். வேறு யாராக இருந்தாலும் குதித்துக்கொண்டு ஆடுவார்கள்.

“ஜோக்கர் ஒண்ணுதானே இருக்கு. ஸ்கூட்!”

அடுத்த கையில் ஜோக்கர் இரண்டு.

“ஜோக்கர் இருந்து என்னங்க பண்றது, வரிசை இல்லையே. நல்ல சீட்டு வரட்டும், பார்ப்போம். ஸ்கூட்!”

ஸ்கூட் விட்டதும் கட்டின் மேல் சீட்டைத் திருப்பிப் பார்த்து, “பார்த்தீங்களா, எடுத்திருந்தா ஆர்ட்டின் ராணி வந்திருக்கும்!” என்று எல்லோரிடமும் காட்டுவார். ஏதோ சாதித்துவிட்ட பெருமை அவர் முகத்தில். ஆடித் தோற்பவர்கள் அவசரக்குடுக்கைகள். தான் மட்டும் பொறுமைசாலி. பொறுமை இருபத்தைந்து இருபத்தைந்தாக ஏறிக்கொண்டே போயிற்று.

“சார், நீங்க கம்பல்சரி” என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் பரக்கத் அலி. “முன்னாடி மத்தவங்களோட ஆடினதுல ஏறின புள்ளியால டீச்சரும் கம்பல்சரிதான். அனேகமா இந்தக் கையோட முடிஞ்சுரும்.”

சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. ரெங்கராஜுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: கடைசி இருவரும் சம்மதித்தால் பரிசைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஆனால் சீட்டைத் தொடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் யோசிக்காமல் ஒரு முடிவெடுத்தார்.

“டீச்சர், ஸ்பிளிட் பண்ணிக்கலாமா?”

“எனக்கும் சர்ச்ல பூசைக்கு நேரமாச்சு. சரிங்க சார்.”

கை குலுக்கினார்கள். சும்மா பார்ப்போமே என்று ரெங்கராஜ் சீட்டைத் திறந்தார். பதின்மூன்றும் அடுக்கி வைத்ததுபோல் சேர்ந்திருந்தன. ஒரு சீட்டை எடுத்து, அதையே கவிழ்த்து, ஆட்டத்தை முடித்திருக்கலாம். இத்தனை வருஷமாகக் காத்திருந்த நல்ல சீட்டு கடைசியில் வந்தேவிட்டது. கேலி செய்யத்தான் நான் போயிருந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே பாவமாகிவிட்டது.

அதோடு முடியவில்லை. கிரைண்டரை எப்படிப் பங்கு போடுவது?

“பரிசை வித்துக் காசாக்கக் கூடாதுங்கிறது விதி” என்றார் பரக்கத் அலி. “மோட்டாரும் டிரம்மும் ஒரு பங்கு, குழவிக்கல் ஒரு பங்கு. பெரியவர் நீங்க, முதல்ல சொல்லுங்க சார், எது வேணும்?”

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ஆனா மாவை அரைக்கிறது கல்லுதானே? அவசரப்பட வேண்டாம், பார்ப்போம்.”

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டார்.

குழவிக்கல்லோடு வந்த கணவரை மலர்க்கொடி தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“மீதி எங்க?”

“அடுத்த பொங்கலுக்கு வரும். பார்ப்போம்.”

அந்த அம்மா கல்லை வாங்கிக்கொண்டு, ஊறவைத்த அரிசியோடு நேராக மூன்றாவது மாடிக்கு, டீச்சர் வீட்டுக்குப் போனார். மாவு அங்கேயே அரைபட்டு, மறுநாள் காலை இட்லியும் அங்கேயே வெந்து, இரண்டு பெண்களும் ஆவி பறக்கச் சாப்பிட்டுச் சிரித்தது மாடிப்படிவரை கேட்டது. ரெங்கராஜுக்கு நாலு இட்லி கீழே வந்தது, சாம்பார் ஃப்ளாஸ்கில். “சூடா இருக்கு, ஆறட்டும்” என்று பேப்பரைப் பிரித்தவர் மடித்து வைத்தபோது இட்லியும் குழவிக்கல்லும் ஏறக்குறைய ஒரே பதத்தில் இருந்தன.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு போய் உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். அடித்தட்டில், குண்டூசிகூடக் கழற்றாத புதுச் சட்டை ஒன்று இருக்கும். ஏதாவது நல்ல விசேஷம் வரட்டும் என்று நீங்கள்தான் வைத்தீர்கள். அதை இப்போதே எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

பட்டன் எட்டுகிறதா?