காந்தத் தண்ணீரின் நான்காம் அடிக்குறிப்பு

விடிந்ததும் விடியாததுமாக வாடகை மண்டபத்து வாசலில் நெரிசல். எல்லார் கையிலும் காலி பாட்டில். காந்தத்தின் மேல் மூன்று நாள் வைத்த தண்ணீர் சர்க்கரை நோயை ஓட ஓட விரட்டுகிறதாம். அதைத் தயாரித்துக் கொடுக்கும் தண்ணீர் மாஸ்டர் மந்திரம் சொல்லமாட்டார். அவர் விஞ்ஞானி. இணையக் கலைக்களஞ்சியத்தின் பக்கத்தைத் திரையில் காட்டுவார். அதில் அவருடைய தண்ணீரைப் பற்றி மூன்று வரிகள். வரிக்கு ஓர் அடிக்குறிப்பு எண். எண் இருந்தால் சான்று இருக்கிறது என்று அர்த்தம். தட்டிப் பார்க்க மட்டும் யாருக்கும் விரல் வரவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் பெண் தட்டினாள். அவளுடைய அண்ணன் இந்தத் தண்ணீரை நம்பி இன்சுலினை நிறுத்திப் பன்னிரண்டு நாள். சர்க்கரை நானூற்றைத் தாண்டிவிட்டது. அவள் கெஞ்சினாள், அழுதாள். கலைக்களஞ்சியத்துக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டான் அவன்.

மூன்று எண்ணும் ஒரே கேள்வி-பதில் தளத்தைத் திறந்தன. யாரும் கேட்கலாம், யாரும் பதில் சொல்லலாம். கேட்டவர் மாஸ்டரின் மைத்துனர். பதில் சொன்னவர் மாஸ்டர், சிரித்த முகப் படத்தோடு. இதற்கு என்ன ஆதாரம் என்று யாரோ கேட்டதற்கு, கலைக்களஞ்சியத்தைப் பார்க்கவும் என்று அருளியிருந்தார்.

அவளும் அங்கே ஒரு பதில் எழுதினாள். தயாரித்தவரே கைநிறையச் சர்க்கரை தின்று இந்த நீரைக் குடித்தாலும் ரத்தத்தில் ஒரு புள்ளிகூட ஏறாது என்றாள். புகழ்ச்சி என்றதும் மைத்துனர் அன்றே அதை, யாரும் திருத்தக்கூடிய அந்தக் கலைக்களஞ்சியத்தில் நான்காம் வரியாகச் சேர்த்து, நான்காம் அடிக்குறிப்பும் போட்டுவிட்டார். யோசித்துப் பார்க்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

மறுநாள் அந்த வரி திரையில் வந்தது. அவள் அரைக் கிலோ சர்க்கரையையும் ரத்தம் பார்க்கும் கருவியையும் மேடையில் வைத்தாள். முன்வரிசையில் அண்ணன் உதடு வறண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுங்க சார். நீங்க காட்டுற பக்கத்துலயே போட்டிருக்கு."

மாஸ்டர் சர்க்கரையைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "அது எவனோ எழுதினதும்மா. அங்க யார் வேணா என்ன வேணா எழுதலாம்."

"அத எழுதினது நான்தான். மத்த மூணையும் எழுதினது யாரு சார்?"

மாஸ்டர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கதவைப் பார்த்தார். அவள் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். மூன்றிலும் மாஸ்டர்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஊசி எடுத்துட்டு வந்திருக்கியா?" என்று கேட்டான் அண்ணன். எடுத்து வந்திருந்தாள். போட்டுவிட்டு, கலைக்களஞ்சியத்திலிருந்து தன் வரியையும் சேர்த்து நான்கையும் நீக்கினாள்.

வெளியே வரும்போது ஒரு பெரியவர் அவளை நிறுத்தி, சர்க்கரைக்கு வேறு எந்தத் தண்ணீர் கேட்கும், எந்தத் தளத்தில் எழுதியிருக்கிறது என்று விசாரித்தார். மகாஜனங்களே, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க இத்தனை பேர் இருக்கிறீர்களே, எழுதியது யார் என்று ஒரு தடவை கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?