டென்ட், வேன், காட்டேஜ்: தராசு சாரின் தீர்ப்பு

அவசரப்பட்டு உருப்பட்டவர் உலகத்தில் எவருமில்லை. ஒப்பிட்டுப் பார்த்து, மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் நடக்காமலே போன காரியங்கள்தாம் இந்தப் பூமியை இன்றளவும் பத்திரமாக வைத்திருக்கின்றன. அந்தத் திருப்பணியில் ஆயுளைக் கரைத்த மகான்களுள் முதல் வரிசையில் வைத்து வணங்கத்தக்கவர் தராசு சார்.

கொள்முதல் அலுவலகத்தில் ஒப்பீட்டுப் பிரிவுக்கு அவர் தலைவர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அலுவலகம் வைத்ததே நிலைத்தது. நாற்காலிக்குப் பின்னால் 'பதறாத காரியம் சிதறாது' என்று பலகை மாட்டியிருப்பார். அவருடைய பிரிவில் இரண்டே விதிகள். மூன்றை ஒப்பிடாமல் எதையும் வாங்கக் கூடாது. மாதிரிப் பொருள் அனுப்பாத வியாபாரியை ஒப்பீட்டில் சேர்க்காமலே தள்ளிவிட வேண்டும். இந்த விதிகளின் மகிமையால் புது நாற்காலி வாங்கும் பணி பல்லாண்டுகளாகச் செவ்வனே நடந்துவருகிறது. மாதிரி நாற்காலிகள் மூன்றும் 'பரிசீலனையில்' இருப்பதால் அவற்றில் யாரும் உட்காரக் கூடாது. அவை வந்த அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்துதான் ஊழியர்கள் வேலை பார்க்கிறார்கள்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு வாரம் விடுமுறை கிடைத்தது. வீட்டில் மகள் தலைகால் புரியாமல் குதித்தாள். ஏரித் தண்ணீரின் மேல் கல்லை வீசி ஏழு முறை துள்ளவைத்துக் காட்டுகிறேன் என்று, அவளுக்குப் பால்பல் விழுந்த வயதில் அப்பா பெருமையடித்திருந்தார். அன்றிலிருந்து அவள் தட்டைக் கற்களாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு பழைய காலுறையில் சேர்த்துவருகிறாள்.

"அப்பா, நாளைக்கே ஏரிக்குப் போலாமா?"

"போலாம்மா. எதுல தங்குறதுன்னு மட்டும் முடிவு பண்ணணும். டென்ட் இருக்கு, படுக்கை வச்ச வேன் இருக்கு, மரத்துல கட்டின காட்டேஜ் இருக்கு. கண்ண மூடிக்கிட்டு ஒண்ணுல போய் விழ முடியுமா?"

"விழலாம்ங்க," என்றாள் மனைவி. "எல்லாத்துலயும் தூங்கத்தானே போறோம்?"

பொறுப்பற்ற இந்தக் கருத்தை அவர் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

முதலில் கூடாரம் ஹாலில் எழுந்தருளியது. தரையில் முளையடிக்க மனைவி சம்மதிக்காததால் கயிறுகளைச் சன்னல் கம்பியிலும் செருப்பு அலமாரியிலும் ஃபிரிட்ஜ் கைப்பிடியிலும் கட்டினார். மழைக்கு எங்கே போவது? ஸ்டூலில் ஏறி வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். கூடாரத்துக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. சோபாவுக்குள் முழுவதும் இறங்கியது. மனநிறைவோடு அவர் உள்ளே போய்ப் படுத்த நேரத்தில் மகன் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தான். கூடாரம் அவர்மேலேயே படுத்துவிட்டது.

"காட்டுல இத கவனிக்கணும்," என்றார் துணிக்குள்ளிருந்து.

"காட்டுல ஏதுங்க ஃபிரிட்ஜ்?"

"இருக்கா இல்லையான்னு போனாத்தானே தெரியும்?"

"அப்ப போய்ப் பாத்துருவோமே!"

"பதறாத."

அடுத்து, வாடகை வேன் வாசலில் வந்து நின்றது. குடும்பம் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு அதற்குள் குடியேறியது. ஒருவர் நிமிர்ந்தால் மற்ற மூவரும் குனிய வேண்டியிருந்தது. குடும்ப ஒற்றுமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"பாத்தியா, படுத்த இடத்துலேருந்தே அடுப்பு எட்டுது!" என்று அவர் வியந்தார்.

"வீட்லயாவது, படுத்துட்டா சமைக்க வேண்டாம்," என்றாள் மனைவி.

எதிர்வீட்டு டாக்டர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "சார், உங்க வேன் வழிய மறிச்சுட்டு நிக்குது. என் கார் வெளிய வர முடியல."

"நாங்க ஊர்லயே இல்ல டாக்டர். டூர்ல இருக்கோம்," என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

காட்டேஜை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பது அதன் பெருங்குறை. அதனால் பிள்ளைகளின் அறையையே காட்டேஜாக 'அறிவித்தார்'. சுவரெல்லாம் மரப்பலகை போன்ற காகிதத்தை ஒட்டினார். மின்விசிறியை நிறுத்தினார். இயற்கை உள்ளே வரட்டும் என்று சன்னலைத் திறந்துவைத்தார். இயற்கை வந்தது. வந்து எல்லோரையும் கடித்தது.

கூட்டிப் பார்த்தால் மூன்றுக்கும் சம மதிப்பெண். "மறுசோதனை!" என்றார் கண்ணீர் மல்க. ஆனந்தக் கண்ணீர்தான். விடுமுறையில் மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.

மகள் கனத்த காலுறையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அப்பா, இன்னைக்காவது..."

"இன்னைக்கு டென்ட்டுக்கு ரெண்டாவது மழை இருக்கேம்மா."

அவள் அழவில்லை. அழுது அடம்பிடித்திருந்தால்கூட தேவலை. மனைவி ஒரு போர்வையையும் ரொட்டிப் பொட்டலத்தையும் பையில் திணித்தாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருமுனையில் பஸ் ஏறினாள். அந்த பஸ் தினமும் ஏரிக்குப் போய்வருகிறது. ஒப்பீட்டுப் பிரிவுக்கு இந்த விஷயம் எட்டியிருக்கவில்லை.

பொழுது சாயும்போது மூவரும் திரும்பினார்கள். மூக்கு சிவந்து, உடுப்பு நனைந்து, தலையெல்லாம் மணல். தராசு சார் கூடாரத்திலிருந்து தலையை நீட்டினார்.

"எங்க தங்குனீங்க?"

"மரத்தடியில," என்றான் மகன்.

"மரம் நம்ம பட்டியல்லயே கிடையாதே!" பதறிவிட்டார். "ஒரே ஒரு மரத்தப் பாத்துட்டா உக்காந்தீங்க?"

"நாங்களும் மூணு வச்சு ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தாம்பா போனோம்," என்றாள் மகள்.

தராசு சாருக்கு நெஞ்சு விம்மியது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? "அடி சக்கை! என்னென்ன மூணு?"

"அப்பாவோட போறது. அப்பாவுக்காகக் காத்துக்கிட்டே இருக்கிறது. அப்பா இல்லாம போறது."

"சரி..." அவர் குரல் சற்று இறங்கியது. "அதுல மொதலாவதுதானம்மா ஜெயிச்சிருக்கணும்?"

மகள் காலியான காலுறையைத் தலைகீழாகப் பிடித்து மணலை உதறினாள்.

"அத நாங்க எடுத்துக்கவே இல்லப்பா. மாதிரி வரலையே."